காலஞ்சென்ற எஸ். பி. சீனிவாசகம்

பேராக் மாநிலத்தில் வியாபாரம் செய்யும் நம்மவர்களில் சீனிவாசகம் என்ற பெயரைக் கேளாதவர் அரிது. ஈப்போவில் ஒரு பூங்காவே அப்பெயரால் விளங்குகிறது. அது தம்பி டி. ஆர். சீனிவாசகத்தின் நினைவாக அமைந்தது. அண்ணன் எஸ். பி. சீனிவாசகத்தை இக்காலத்து வாலிபர்கள் அவ்வளவாக அறியார். தேர்தல் முடிந்து ஆட்சி கைமாற வேண்டிய சமயத்தில் சட்டம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அவருடைய வாழ்க்கையிலிருந்து நன்கு தெரிந்து கொள்ளலாம். ஆகவே இங்கே சுருக்கமாக எழுதுகிறோம்.

அவர் இலங்கைத் தமிழர் வழி வந்தவர். அண்ணன் தம்பி இருவரும் ஈப்போவில் பெயர் பெற்ற வழக்கறிஞர்கள். 1953-இல் பேராக் முற்போக்குக் கட்சி தோன்றியது. பின்னர் அதுவே மக்கள் முற்போக்குக் கட்சி என்று பெயர் மாறியது. 1955 தேர்தலில் அக்கட்சிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. 1957-இல் நடந்த இடைத் தேர்தலில் தம்பி வென்றார். 1959-இல் ஈப்போவில் தம்பியும் மெங்லெம்புவில் அண்ணனும் வென்று பார்லிமெண்டு சென்றனர். குடியுரிமையில் சமத்துவம் வேண்டும், சீனத்துக்கும் தமிழுக்கும் இடம் வேண்டும் என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். 1964-இல் நாடெங்கும் அலையன்ஸ் கட்சிக்கே வெற்றி. அப்போதும் இவ்விரு சகோதரர்களும் தங்கள் இடங்களைக் காத்துக் கொண்டனர்.

தம்பி பேச்சில் நெருப்பு. ஒரு மந்திரி மீது லஞ்சக் குற்றம் சாட்டி, அவர் தொடுத்த மானநஷ்ட வழக்கிலும் வென்றவர். அண்ணன் நிதானமாகக் கணக்குப் பார்ப்பவர். 1969 மார்ச் 15-ஆம் தேதி தம்பி காலமானார். தேர்தலுக்கு இரண்டு மாதங்கூட இல்லை. கட்சியின் பாரம் முழுவதும் அண்ணன் தோளில் விழுந்தது.

மே 10-ஆம் தேதி ஓட்டுப் பதிவு நடந்தது. பேராக் சட்டசபையில் மொத்தம் 40 இடங்கள். அலையன்ஸுக்கு 19, முற்போக்குக் கட்சிக்கு 12, ஜனநாயகச் செயல் கட்சிக்கு 6, கெராக்கானுக்கு 2, பாஸ் கட்சிக்கு 1. எதிர்த்தரப்பைக் கூட்டினால் 21. கணக்குப் பிள்ளைக்கு இது சுலபமான கூட்டல்தான். ஆனால் அரசியல் சட்டம் கூட்டலை மட்டும் பார்ப்பதில்லை.

பேராக் அரசியல் சட்டப்படி, சட்டசபையில் பெரும்பான்மையோரின் நம்பிக்கை யாருக்கு இருக்கக்கூடும் என்று சுல்தான் கருதுகிறாரோ அவரே மந்திரி பெசார் ஆவார். அவர் மலாய்க்காரராகவும் முஸ்லிமாகவும் இருக்க வேண்டும். இந்த நிபந்தனையைத் தளர்த்தும் அதிகாரமும் சுல்தானுக்கே உண்டு. ஆகவே 12 இடங்களை வென்ற கட்சியின் தலைவர் என்பதால் மட்டும் சீனிவாசகம் அந்த நாற்காலிக்கு உரிமை கொண்டாட முடியாது. நான்கு கட்சிகளும் ஒன்றுபட்டு, சட்டத்துக்குப் பொருத்தமான ஒருவரை முன்னிறுத்தியிருக்க வேண்டும்.

அதே நாளில் பினாங்கில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 24 இடங்களில் கெராக்கான் 16 வென்றது. முதலமைச்சருக்கு இனம், மதம் பற்றிய நிபந்தனை அங்கில்லை. டாக்டர் லிம் சோங் யூ பதவியேற்றார், ஆட்சி கைமாறியது. சிலாங்கூரிலோ 28 இடங்கள் பதினான்கு பதினான்காகப் பிரிந்து நின்றன. ஒரே நாடு, ஒரே தேர்தல். ஆனால் மூன்று மாநிலங்களில் மூன்று விதமான முடிவு.

பேராக்கில் பேச்சுக்கு அவகாசமே கிடைக்கவில்லை. மே 13-ஆம் தேதி கோலாலம்பூரில் கலவரம் மூண்டது. அவசர காலம் பிரகடனமாயிற்று. பார்லிமெண்டும் சட்டசபைகளும் கூடாமல் நின்றன. துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கைக் கவுன்சில் நாட்டை ஆண்டது. பார்லிமெண்டு மறுபடி கூடியது 1971 பிப்ரவரியில்தான். சபை கூடினால்தானே பெரும்பான்மையை எண்ண முடியும்? பேராக்கில் பழைய மந்திரி பெசார் அகமது சைட் 1970 வரை பதவியில் இருந்தார். அலையன்ஸ் ஆட்சியே தொடர்ந்தது.

1972-இல் சீனிவாசகம் ஒரு முடிவெடுத்தார். தாம் இத்தனை காலம் எதிர்த்த அலையன்ஸுடன் சேர்ந்து மாநிலத்தில் கூட்டாட்சி அமைத்தார். பிறகு அவர் கட்சி பாரிசான் நேஷனலிலும் சேர்ந்தது. கலவரத்தைக் கண்ட தேசத்தில் சமாதானமே முதல் தேவை, வெளியில் நின்று கத்துவதைவிட உள்ளே இருந்து ஜனங்களுக்கு நன்மை செய்யலாம் என்பது ஒரு நியாயம். எதிர்ப்பதற்கென்று ஓட்டு வாங்கி, அந்த ஓட்டை எதிர்த்தவரிடமே கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்பது மற்றொரு நியாயம். கடை திறந்தால்தான் சோறு என்றிருக்கும் நமக்கு முதல் நியாயம் எளிதில் விளங்கும். ஆனால் ஓட்டு என்பது அமானிதம். அதை வாங்கியவர் கொடுத்தவரைக் கேட்க வேண்டாமா? 1974 தேர்தலில் ஜனங்கள் பதில் சொல்லிவிட்டார்கள். மெங்லெம்பு அவரைக் கைவிட்டது. 1975-இல் அவர் காலமானார். கட்சி பழைய பலத்தை மீண்டும் பெறவேயில்லை.

அவர் காலத்துக் கேள்வி அவரோடு போகவில்லை. 2008-இல் பேராக்கின் 59 இடங்களில் மூன்று கட்சிகள் சேர்ந்து 31 வென்றன. அதிக இடம் வென்றது ஜனநாயகச் செயல் கட்சி. மந்திரி பெசார் ஆனவர் பாஸ் கட்சியின் நிசார். காரணம் அதே சட்ட விதி. 2009 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர் விலகவும் ஆட்சி கவிழ்ந்தது. சபையைக் கலைக்கும்படி நிசார் கேட்டதற்குச் சுல்தான் இணங்கவில்லை. நம்பிக்கை போய்விட்டதைச் சபையில் ஓட்டெடுத்துத்தான் காண வேண்டும் என்பதில்லை என்று 2010-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்சி தாவும் பார்லிமெண்டு உறுப்பினர் தம் இடத்தை இழப்பார் என்ற சட்டத் திருத்தம் 2022-இல்தான் வந்தது.

ஒரு கடை கைமாறும்போது சரக்கை எண்ணுகிறோம், பேரேட்டைப் பார்க்கிறோம், சாட்சி வைத்துச் சாவியை வாங்குகிறோம். எந்த நாளில், யார் முன்னிலையில் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்கிறோம். எழுதாமல் விட்டதில்தான் வழக்கு வரும். ஆட்சிக்கும் அப்படியே. ஓட்டுப் போடுவதோடு நம் கடமை தீர்ந்துவிடவில்லை. எண்ணிக்கைக்குப் பின் யாரை அழைப்பது, சபை எப்போது கூடுவது, உறுப்பினர் தாவினால் என்ன ஆவது என்ற விதிகளையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சட்டம் கற்ற சீனிவாசகத்துக்கே 21 என்ற எண் மட்டும் போதவில்லை என்பதைச் சுங்காய் வியாபாரிகளாகிய நாமும், நம் பிள்ளைகளும் மறவாதிருப்போமாக.