கான்சாகிபு பிறந்த ஊர்

திருநின்றவூரில் குடியமர்ந்த எங்கள் குடும்பத்தின் மூத்தவர் ஒருவருடைய பிறந்த ஊரைத் தேடி இரண்டு கோடை விடுமுறைகளைக் கழித்தவன் யான். பள்ளிவாசல் கணக்கேடு, பழைய கிரயப் பத்திரம், பாட்டியின் நினைவு ஆகிய மூன்றும் மூன்று ஊர்களைச் சொல்லின. சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1899-இல்தான். அதற்கு நூறாண்டு முன் பிறந்தவருக்குச் சான்றிதழ் கேட்பது பேதைமை என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அந்த ஏமாற்றமே என்னை மதுரைக் கான்சாகிபுவின் வரலாற்றின்பால் ஈர்த்தது.

கம்மந்தான் கான்சாகிபு என மக்கள் வழங்கிய முகம்மது யூசுப்கான் ஏறத்தாழ 1725-இல் பிறந்தவர் என்பர். 'ஏறத்தாழ' என்னும் இச்சொல்லை நூலாசிரியர் பலர் விட்டுவிடுகின்றனர். இராமநாதபுரச் சீமைப் பனையூரில் வேளாளர் குடியில் மருதநாயகம் என்னும் பெயருடன் பிறந்து, இளமையில் வீட்டைத் துறந்து இஸ்லாத்தைத் தழுவினார் என்பது வழக்கு. ஆனால் அவர் காலத்து ஆங்கிலேயர் ஏடுகள் அவரை முகம்மது யூசுப் என்றே எழுதிச் செல்கின்றன. எஸ்.சி. ஹில் அவரைப் பற்றித் தனிநூல் வெளியிட்டதோ 1914-இல். அதாவது அவர் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தபின். பனையூரும் ஓரூர் அன்று. பனை செழித்த தமிழகத்தில் அப்பெயர் தாங்கிய ஊர்கள் பல. எனவே ஊர்ப்பெயர் ஒன்றை மட்டும் கொண்டு ஒருவரின் பிறப்பை நிறுவ முற்படுவோர் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்.

ஊர் ஐயத்திற்குரியதேனும் அவருடைய பணிக்காலம் தெளிவானது. 1752-இல் கிளைவின் படையில் சேர்ந்தார். திருச்சிராப்பள்ளிப் போரில் உணவு வண்டிகளைப் பகைவர் கண்ணில் படாது கொண்டு சேர்த்த திறம் அவரைச் சிப்பாய்ப் படைத் தலைவராக உயர்த்தியது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, நம் திருநின்றவூருக்குத் தெற்கே செங்கல்பட்டு, பரங்கிமலைப் பகுதிகளில் இயங்கி முற்றுகைப் படையைப் புறத்தேயிருந்து அலைக்கழித்தவரும் இவரே. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகிற்று. அவ்வாண்டே மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆளும் பொறுப்புடன் அவர் தெற்கே திரும்பினார்.

மதுரையில் அவர் கோயில் வருவாயைச் சீர்ப்படுத்தினார். கண்மாய்களைப் பழுது பார்த்தார். கள்வர் அச்சத்தை ஒழித்தார். இவற்றைப் போற்றுவோர் 1761-இல் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலை அவரே வீழ்த்தினார் என்பதையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மை. பின்னர் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்கும் அவருக்கும் பகை முற்றியது. வெள்ளையரோ நவாபின் பக்கம் நின்றனர். 1763-இல் அவர் இருவரையும் எதிர்த்து எழுந்தார். அவ்வாண்டு மதுரைக் கோட்டையைச் சூழ்ந்த படை மழைக்காலத்தில் திரும்பிற்று. மறு ஆண்டு முற்றுகையில் கோட்டைக்குள் உணவு அருகியது. திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுக்காரனான மார்ச்சந்தும் சதி செய்தனர். தொழுகையில் இருந்த வேளையில் அவரைக் கட்டிப் பிடித்துக் கொடுத்தனர் என்பது வரலாறு. வாளுக்கு வசப்படாதவர் வீட்டுக்குள்ளேயே வசப்பட்டார்.

1764 அக்டோபர் 15-இல் மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தருகே அவரைத் தூக்கிலிட்டனர். பிறந்த நாளைக் குறிக்க ஒருவரும் இல்லாதவருக்கு இறந்த நாளைக் குறிக்கக் கும்பினியின் எழுத்தர் இருந்தார். உடலைத் துண்டித்துத் திருச்சி, தஞ்சை, பாளையங்கோட்டை முதலிய இடங்களுக்கு அனுப்பினர் என்றும் சொல்வர். எஞ்சியது அடங்கிய சம்மட்டிபுரத்தில் 1808-இல் சிறு பள்ளிவாசல் எழுந்தது.

பனையூரைக் காட்ட ஓர் ஏடும் இல்லை. ஆயினும் மதுரையின் கான்சாமேட்டுத் தெரு அவர் பெயரைச் சுமந்திருக்கிறது. கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடலும் அச்சேறியுள்ளது. தேனிக்குச் செல்லும் சாலையில் காளவாசல் பக்கம் போகும் மாணவர் யாரேனும் இடப்புறம் அப்பள்ளிவாசலைக் காணலாம்.