'கம்ப்யூட்டர்' ஒரு ஆளாக இருந்த காலம்: ஆக்ஸ்போர்டு அகராதிக்கு ஆயுளைக் கொடுத்த ஜேம்ஸ் மர்ரே யார்?

மூன்று மணி மீட்டிங்கை 'பிரிபோன்' பண்ணலாமா என்று மெயில் டைப் செய்துவிட்டு, அனுப்பும் முன் ஒரு நொடி தயங்கியிருப்பீர்கள். பக்கத்து சீட்டுக்காரர் அப்படி ஒரு சொல்லே இங்கிலீஷில் கிடையாது என்று அடித்துச் சொல்லியிருப்பார். அந்தச் சொல் இன்று ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் இருக்கிறது.

சரி, ஒரு சொல் 'உண்டா, இல்லையா' என்று யார் முடிவு செய்வது? அதைப் பயன்படுத்தும் மக்கள்தான் என்பது இன்றைய அகராதிக்காரர்களின் பதில். யார், எப்போது, எங்கே எழுதினார்கள் என்று ஆதாரம் இருந்தால் போதும், சொல் உள்ளே வந்துவிடும். இப்போது சாதாரணமாகத் தெரியும் இந்த விதிக்காக ஆக்ஸ்போர்டின் பெரிய மனிதர்களோடு மல்லுக்கு நின்றவர், 14 வயதோடு பள்ளிப் படிப்பை நிறுத்திய ஒரு தையல்காரர் மகன். பெயர் ஜேம்ஸ் மர்ரே.

கிராமத்திலிருந்து லண்டன் பேங்குக்கு

ஸ்காட்லாந்தின் தெற்குப் பகுதியில் டென்ஹோம் என்று ஒரு சின்ன கிராமம். 1837-ல் மர்ரே பிறந்தது அங்கேதான். வீட்டில் வசதி கிடையாது. ஆனால் பையனுக்கு எதைப் பார்த்தாலும் ஆர்வம்: செடிகள், பாறைகள், நட்சத்திரங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மொழிகள். 17 வயதில் பக்கத்து ஊரான ஹாவிக்கில் உதவி ஆசிரியர். 20 வயதில் அங்கேயே ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியர்.

1862-ல் மேகி என்ற இசை ஆசிரியையைத் திருமணம் செய்தார். பிறந்த பெண் குழந்தை கைக்குழந்தையாகவே இறந்துபோனது. மேகிக்குக் காசநோய். ஸ்காட்லாந்து குளிர் ஆகாது, இடம் மாற்றுங்கள் என்றார்கள் டாக்டர்கள். இருந்த வேலையை விட்டுவிட்டு லண்டனுக்குக் குடிபெயர்ந்த மர்ரேவுக்கு ஒரு பேங்கில் கிளார்க் வேலை கிடைத்தது. மேகியைக் காப்பாற்ற முடியவில்லை. 1867-ல் ஏடா என்பவரை மறுமணம் செய்துகொண்டார். அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்ற இளைஞர், பிற்காலத்தில் டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்.

பேங்க் வேலையில் இருந்தபோதே பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் ஒரு வேலைக்கு மனு போட்டார். தனக்குத் தெரிந்த மொழிகளை அதில் பட்டியல் போட்டிருந்தார். லத்தீன் குடும்பத்து மொழிகள், ஜெர்மானிய மொழிகள், கொஞ்சம் ரஷ்யன், ஹீப்ரு என்று அது நீண்டுகொண்டே போகும். வேலை கிடைக்கவில்லை. இன்று லிங்க்ட்இன்னில் அப்படி ஒரு ப்ரொஃபைல் இருந்தால் நாமே நம்ப மாட்டோம் என்று நினைக்கிறேன்.

1870-ல் லண்டனுக்கு வெளியே மில் ஹில் பள்ளியில் ஆசிரியர் ஆனார். பள்ளி முடிந்த நேரத்தில் மொழி ஆராய்ச்சி. அந்த ஆர்வம்தான் அவரை ஃபிலலாஜிக்கல் சொசைட்டி என்ற மொழியியல் சங்கத்துக்குக் கொண்டுபோனது.

சாக்குப் பையில் வந்த அகராதி

ஆங்கிலத்தின் எல்லாச் சொற்களுக்கும் வரலாற்றோடு ஒரு அகராதி வேண்டும் என்று அந்தச் சங்கம் 1857-லேயே கிளம்பிவிட்டது. முதல் ஆசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் 1861-ல், 30 வயதிலேயே இறந்துவிட்டார். அடுத்து வந்த ஃபர்னிவாலுக்கு உற்சாகம் அதிகம், ஒழுங்கு குறைவு. வேலை அப்படியே படுத்துவிட்டது.

1879-ல் ஆக்ஸ்போர்டு யுனிவர்சிட்டி பிரஸ் மர்ரேவோடு ஒப்பந்தம் போட்டது. 10 வருடம், 4 தொகுதிகள், சுமார் 7,000 பக்கம். உதவியாளர்களின் சம்பளத்தை ஒப்பந்தத் தொகையிலிருந்து அவரே கொடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளி வேலையையும் அவர் விடவில்லை.

பிறகு ஃபர்னிவால் வீட்டிலிருந்து சரக்கு வந்து இறங்கியது. கிட்டத்தட்ட 2 டன் காகிதத் துண்டுகள். ஒரு சாக்கில் செத்த எலி, இன்னொன்றில் குட்டிகளோடு ஒரு சுண்டெலி. 'ஹெச்' எழுத்து இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் கிடந்தது. 'பிஏ' என்று தொடங்கும் சொற்களின் சீட்டுகள் அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் கிடைத்தன. பாதி ஏற்கெனவே அடுப்பு பற்றவைக்கப் போயிருந்தது.

தோட்டத்தில் ஒரு இரும்புத் தகரக் கொட்டகை போட்டார் மர்ரே. பெயர் மட்டும் பெரிய பெயர்: ஸ்க்ரிப்டோரியம். உள்ளே சீட்டு வைக்க 1,000-க்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் தட்டறைகள். அவருக்கும் ஏடாவுக்கும் 11 பிள்ளைகள். கொஞ்சம் வளர்ந்ததும் ஒவ்வொருவரும் சீட்டுகளை அகர வரிசையில் அடுக்க உட்கார்ந்துவிடுவார்கள். வயதுக்கு ஏற்றபடி மணிக்கு இவ்வளவு பென்னி என்று பாக்கெட் மணி.

ஒரு சீட்டில் என்ன இருக்கும்? மேலே மூலையில் சொல். கீழே அது வந்த புத்தகம், ஆசிரியர், ஆண்டு, பக்கம், பிறகு அந்தச் சொல் வரும் வாக்கியம். அவ்வளவுதான். இதை அனுப்பியவர்கள் சம்பளமில்லாத வாசகர்கள். எந்தெந்தப் புத்தகங்களைப் படித்துச் சொல்லெடுக்க வேண்டும் என்று பத்திரிகைகள், புத்தகக் கடைகள் வழியாக மர்ரே ஒரு வேண்டுகோள் விட்டார். இங்கிலாந்து, அமெரிக்கா, காலனி நாடுகள் என எல்லா இடத்திலிருந்தும் சீட்டுகள் குவிந்தன. கடைசியில் 50 லட்சம் அளவுக்குச் சேர்ந்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. விக்கிபீடியாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நடந்த க்ரவுட் சோர்ஸிங் இது.

நியூஸ்பேப்பர் எல்லாம் ஆதாரமா?

பெரிய சண்டை 1883-ல் வந்தது. முதல் பகுதி அச்சுக்குப் போகும் நேரம். பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பெஞ்சமின் ஜோவெட், அகராதி எப்படி இருக்க வேண்டும் என்று யோசனைகள் சொல்ல ஆரம்பித்தார். மேற்கோள்கள் நல்ல எழுத்தாளர்களிடமிருந்து வரட்டும், செய்தித்தாள் வேண்டாம், கொச்சைச் சொற்களும் அறிவியல் கலைச்சொற்களும் எதற்கு என்பது அந்தத் தரப்பின் எண்ணம். மர்ரே எழுதிய முன்னுரையிலும் ஜோவெட் கை வைத்தார்.

மர்ரே பார்த்த விதம் வேறு. ஷேக்ஸ்பியர் எழுதியதும் ஆங்கிலம்தான், நேற்றைய நாளிதழில் வந்ததும் ஆங்கிலம்தான். ஒரு சொல் எப்போது பிறந்தது, எப்போது பொருள் மாறியது என்று காட்ட வேண்டுமென்றால், அது முதலில் தலைகாட்டும் இடத்துக்குப் போகத்தான் வேண்டும். பல சமயம் அந்த இடம் செய்தித்தாளாகத்தான் இருக்கும். ராஜினாமா செய்யும் அளவுக்குப் போனார். கடைசியில் செய்தித்தாள் மேற்கோள்கள் நிலைத்தன. டிஜிட்டல் நியூஸில் வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம்.

1884-ல் முதல் பகுதி வந்தது. 'ஏ' முதல் 'ஆன்ட்' (எறும்பு) வரை, 352 பக்கம். 10 வருடத்தில் முழு அகராதி என்று ஒப்பந்தம், 5 வருடம் முடிந்தபோது எறும்புக்குத்தான் வந்திருந்தார்கள்.

அந்தப் பிடிவாதத்தால் என்ன கிடைத்தது? நம்ம ஆபீஸ் சொற்கள் சிலவற்றையே எடுத்துக்கொள்வோம்.

'கம்ப்யூட்டர்' என்றால் மர்ரேயின் அகராதியில் கணக்குப் போடும் ஆள். வானியல் ஆய்வகங்களில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கணக்குப் போடுவதற்கென்றே ஆட்களை வேலைக்கு வைத்திருந்தார்கள். 'ப்ராட்காஸ்ட்' அன்று வயலில் விதையைக் கையால் பரவலாக வீசுவது. ரேடியோ வந்த பிறகுதான் ஒலிபரப்பு என்ற பொருள். 'கிளார்க்' முதலில் ஒரு கிறிஸ்தவ மதகுரு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்களாகவே இருந்ததால், எழுத்து வேலை பார்ப்பவர் என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது.

எனக்குப் பிடித்தது 'டெட்லைன்'. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலச் சிறைகளில் வரைந்திருந்த எல்லைக்கோடு அது. கைதி தாண்டினால் சுட்டுவிடுவார்கள். வேலை முடிக்க வேண்டிய கடைசி நேரம் என்ற அர்த்தம் 20-ம் நூற்றாண்டில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் அதைச் சொல்லும்போது பழைய அர்த்தம்தான் பொருத்தமாக இருக்கிறது.

தமிழும் அந்தக் கொட்டகைக்குள் போனது. கறி, கட்டுமரம், சுருட்டு என்ற நம் சொற்கள் ஆங்கிலத்தில் கர்ரி, கேட்டமரான், ஷெரூட் ஆகி 'சி' எழுத்தில் மர்ரே கையால் பதிவாயின. 'பரையா' என்ற சொல்லும் அவர் தொகுத்த 'பி' எழுத்தில்தான் வருகிறது. ஒரு தமிழ்ச் சமூகத்தின் பெயர், எல்லோராலும் ஒதுக்கப்பட்டவர் என்ற பொதுப் பொருளில் ஆங்கிலத்தில் புழங்க ஆரம்பித்துவிட்டது. மக்கள் எழுதியதை எல்லாம் பதிவு செய்வது என்று இறங்கினால், அவர்கள் செய்த அவமானமும் சேர்ந்தே பதிவாகும். மர்ரேயின் முறையில் எனக்கு உறுத்தும் இடம் இது. ஆனால் ஒரு சொல் எப்படி வசையானது என்று தேதி வாரியாகத் தேடிப் பார்க்க முடிவதும் அதே பதிவால்தான்.

மானிப்பாய் அச்சகக்காரர் மகன்

சீட்டு அனுப்பியவர்களில் மிகப் பிரபலமானவர் வில்லியம் மைனர். அமெரிக்க ராணுவத்தில் சர்ஜனாக இருந்தவர். மனநோயால், யாரோ தன்னைத் துரத்துவதாக நினைத்து 1872-ல் லண்டனில் ஒரு தொழிலாளியைச் சுட்டுக் கொன்றார். பிராட்மூர் மனநலக் காவல் இல்லத்தில் அடைக்கப்பட்டார். அங்கே அறை நிறையப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, 20 வருடத்துக்கு அருகில் அகராதிக்கு மேற்கோள் அனுப்பினார். மற்றவர்களைப் போல் கண்ணில் பட்டதை அனுப்ப மாட்டார். தன் புத்தகங்களில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று குறிப்பேடு போட்டு வைத்துக்கொண்டு, இப்போது எந்தச் சொல் வேண்டும் என்று கேட்டு அனுப்புவார்.

அவரைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. மர்ரே ரயில் ஏறிப் போய், பெரிய மாளிகையில் ஒரு அதிகாரியைப் பார்த்து, நீங்கள்தான் மைனரா என்று கேட்டு, அப்போதுதான் அவர் கைதி என்று தெரிந்து அதிர்ந்தார் என்பார்கள். அது பத்திரிகைக் கற்பனை. முதலில் அவரை அந்த இல்லத்து டாக்டர் என்று மர்ரே நினைத்தது உண்மைதான். ஆனால் 1891-ல் நேரில் பார்க்கும் முன்பே, ஒரு அமெரிக்க நூலகர் வழியாக விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் போனார், திரும்பத் திரும்பப் போனார். 1910-ல் மைனரை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்ப உத்தரவு வந்தபோது வழியனுப்பவும் போனார்.

மைனர் பிறந்தது 1834-ல், இலங்கையில். அப்பா யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்தியவர். 1842-ல் மானிப்பாய் அகராதி என்று அழைக்கப்படும் தமிழ் அகராதி வெளிவந்தது அந்த மிஷனின் அச்சகத்திலிருந்துதான். அப்போது மைனருக்கு 8 வயது.

விட்டுப்போன சொற்கள்

1885-ல் மர்ரே குடும்பம் ஆக்ஸ்போர்டுக்கு மாறியது. அங்கே இன்னொரு கொட்டகை. பார்வையை மறைக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பேராசிரியர் புகார் சொல்ல, அதைத் தரையில் தோண்டி இறக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. விளைவு, உள்ளே எப்போதும் ஈரமும் குளிரும். உதவியாளர்கள் காலில் செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தார்கள்.

பிரஸ் நிர்வாகத்தோடு பணத் தகராறு ஓயவே இல்லை. வேகம் போதாது, பக்கம் அதிகம், வெப்ஸ்டர் அகராதியைப் போல் இத்தனை மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று அளவு வைத்தார்கள். 'இ' எழுத்திலிருந்து ஹென்றி பிராட்லி தனி ஆசிரியரானார். பிறகு இன்னும் இருவர் சேர்ந்தார்கள். அப்படியும் மொத்த அகராதியில் கிட்டத்தட்ட பாதி மர்ரே தொகுத்தது.

தவறுகளும் நடந்தன. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லின் சீட்டுகள் எங்கோ தவறி, அந்தச் சொல் இல்லாமலே அகராதி அச்சானது. இன்னொன்று தெரிந்தே விட்டது. 'அப்பெண்டிசைடிஸ்' என்ற சொல் சீட்டில் வந்திருந்தது. மருத்துவப் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டபோது, இது வெறும் மருத்துவக் கலைச்சொல், தேவையில்லை என்றார். மர்ரே கேட்டுக்கொண்டார். 1902-ல் மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா நெருங்கிய நேரத்தில் அதே நோய் வந்து, விழாவே தள்ளிப்போனது. நாடு முழுக்க அந்தச் சொல்லைப் பேசியது, அகராதியில் மட்டும் காணோம். பெரியவர் ஒருவரின் பேச்சைக் கேட்டு ஆதாரத்தை ஒதுக்கிய இடத்தில் மர்ரேவுக்கே சறுக்கல். இரண்டு சொற்களும் 1933-ல் வந்த பின்னிணைப்பில்தான் சேர்ந்தன.

ஆக்ஸ்போர்டில் 30 வருடம் வாழ்ந்தும் எந்தக் கல்லூரியும் அவரைத் தன் ஆளாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. எடின்பரோ கொடுத்த கௌரவ டாக்டர் பட்டத்தின் கறுப்புத் தொப்பியைத் தினமும் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார். 1908-ல் 'சர்' பட்டம் வந்தது. ஆக்ஸ்போர்டு தன் கௌரவ டாக்டர் பட்டத்தை 1914-ல் கொடுத்தது.

80-வது பிறந்த நாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. 1915 ஜூலை 26 அன்று, 78 வயதில் இறந்தார். அப்போது 'டைம்' என்ற சொல் வரும் 'டி' எழுத்தில் இருந்தார். மகள்கள் எல்சி, ராஸ்ஃப்ரித் இருவரும் அகராதி வேலையைத் தொடர்ந்தார்கள். 1928-ல் முழு அகராதி முடிந்தபோது 4,14,825 சொற்கள், 18 லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்கள். அவற்றில் செய்தித்தாள் மேற்கோள்களும் இருந்தன.

ஆக்ஸ்போர்டில் பான்பரி ரோட்டில் 78-ம் எண் வீடு அவருடையது. அவருக்கு வந்துபோகும் கடிதங்களின் அளவைப் பார்த்துத் தபால் துறை வாசலில் ஒரு சிவப்புப் பெட்டியை நட்டது. அது இன்னும் அங்கேதான் நிற்கிறது.