சென்னை நேரம் தந்த கோல்டிங்காம்

சென்னை இராஜாஜி மண்டபத்தை அறியாதார் இல்லை. அதைக் கட்டிய ஜான் கோல்டிங்காம் கும்பினியின் வானியலாளர் என்பதைப் பலர் அறியார். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வியாழனின் துணைக்கோள்கள் மறையும் கணங்களைக் கண்டு சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தவர் அவர். 1802-இல் அவர் நிறுவிய சென்னை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. பரங்கிமலையிலும் கோட்டையிலும் வெடித்த பீரங்கிகளைக் கொண்டு ஒலியின் வேகத்தையும் அளந்தார். இயற்பியல் மாணவனான எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. 1849-இல் மறைந்தார். பின்னாளில் இந்திய இரயில்கள் அவர் நேரத்தில் ஓடின.

1906-இல் ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. போருக்காக 1942 முதல் 1945 வரை அதுவும் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. இன்று நம் கடிகாரம் அசைவதில்லை. அமெரிக்காவின் பெரும்பகுதியிலோ மார்ச்சில் முன்னும் நவம்பரில் பின்னும் நகர்கிறது. அங்கிருந்து நடத்தும் நேர்காணலை வெறும் மணி வித்தியாசமாகக் குறித்த கணினி நாட்காட்டி, மார்ச்சில் நம்மை ஒரு மணி தாமதமாகக் கொண்டு நிறுத்தும், வேலை போய்விடும். ஊர்ப்பெயரைக் குறித்து, அந்நாளின் விதிப்படி கணக்கிடுவதே திருத்தம். கணினிகள் பார்க்கும் அவ்விதிப் பட்டியலில், இந்தியாவின் பழைய வரிகளுள் சென்னை நேரமும் இருக்கிறது.

நம் ராஜகிரியில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாக 12 மணி 13 நிமிடம் காட்டும். கோல்டிங்காம் நேரப்படி ஏறத்தாழ 12 மணி 4 நிமிடம்தான்.