அர்னோஸ் பாதிரியாரின் காணாமற்போன ஏடு

வீரமாமுனிவரை நாம் எல்லாரும் அறிவோம். அவர் பிறந்ததற்கு அடுத்த ஆண்டு, 1681இல், ஜெர்மனியின் ஓஸ்னாபுரூக் நகருக்கு அருகே யோகான் எர்ன்ஸ்ட் ஹான்ஸ்லேடன் பிறந்தார். கேரள மக்களுக்கு இவர் அர்னோஸ் பாதிரி. இருவருமே இயேசு சபைக் குருக்கள்.

தரைவழியும் கடல்வழியுமாகப் பயணம் செய்து 1700 டிசம்பரில் சூரத் வந்திறங்கினார். உடன் புறப்பட்ட குருக்கள் இருவர் வழியிலேயே இறந்துபோனார்கள். அப்போது இவருக்கு வயது 19. பின்னர் கேரளத்தின் அம்பழக்காட்டுக் குருமடத்தில் படித்து 1706இல் குருவானார்.

மலையாளம் கற்றதோடு அவர் நின்றுவிடவில்லை. இம்மக்களின் சமய நூல்களும் இலக்கியமும் சாத்திரங்களும் சமஸ்கிருத ஓலைச்சுவடிகளில் இருப்பதைக் கண்டார். அம்மொழியை வெளியாருக்குக் கற்றுத்தரத் தயங்கிய காலம் அது. அங்கமாலியைச் சேர்ந்த குஞ்ஞன், கிருஷ்ணன் என்ற இரு நம்பூதிரிகள் அவருக்கு ஆசிரியர்களாயினர் என்பது வரலாறு. வேற்றுச் சமயக் குருவுக்குத் தங்கள் செல்வத்தைத் திறந்துகாட்டிய இவ்விருவரையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். கற்க வந்தவரும் மாணவனாகத் தரையில் அமர வேண்டியிருந்தது. குருக்களாகிய நமக்கு இது எளிதில் வருவதில்லை!

மலையாள-போர்த்துக்கீசிய அகராதி, மலையாள இலக்கணம், தவக்காலத்தில் கேரளக் கத்தோலிக்க இல்லங்களில் பாடப்படும் புத்தன்பானை ஆகியவற்றோடு, சமஸ்கிருத இலக்கணம் ஒன்றையும் இலத்தீனில் எழுதினார். ஆக்ராவில் ஹென்ரிக் ரோத் என்ற இயேசு சபைக் குரு அவருக்கு முன்பே ஓர் இலக்கணம் எழுதியிருந்தார். ஆனால் இருவர் நூலும் அவர்கள் காலத்தில் அச்சேறவில்லை. 1732 மார்ச் 20இல் பழுவில் என்ற ஊரில் அர்னோஸ் பாதிரி இறந்தார். பாம்பு கடித்து இறந்ததாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

1776 முதல் 1789 வரை மலபாரில் பணியாற்றிய கார்மேல் சபைக் குரு பவுலினுஸ், இவருடைய ஏடுகளைப் பயன்படுத்தி 1790இல் உரோமையில் சமஸ்கிருத இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். ஐரோப்பாவில் அச்சான முதல் சமஸ்கிருத இலக்கணம் அதுவே. ஆனால் அர்னோஸ் பாதிரியின் மூல ஏடு எங்கோ மறைந்துபோனது. பங்கு அலுவலகத்தில் பழைய திருமுழுக்குப் பதிவேட்டைத் தூக்கும்போது கரையான் மண் உதிர்வதைக் கண்டு வருந்தியிருக்கிறோம். இதுவும் அப்படித்தான் போயிற்று என்றே பலர் எண்ணினார்கள்.

2010இல் பெல்ஜிய அறிஞர் தோன் வான் ஹால், உரோமைக்கு அருகே மோந்தேகொம்பாத்ரி என்ற ஊரின் கார்மேல் மடத்தில் அந்த ஏட்டைக் கண்டெடுத்தார். கிரந்தம் என்ற சொல்லிலிருந்து வந்த ‘கிரமாத்திக்கா கிரந்தோனிக்கா’ என்பது அதன் பெயர். 2013இல், எழுதியவர் இறந்து 281 ஆண்டுகளுக்குப் பின், அது நூலாக வெளிவந்தது.

திருச்சூர் மாவட்டம் வேலூரில் அவர் கட்டிய ஆலயமும் தங்கிய இல்லமும் இன்றும் உள்ளன. அப்பக்கம் செல்வோர் பார்த்து வரலாம். நம்மூர் வேலூர் என்று எண்ணி இரயில் ஏறிவிடாதீர்கள்.