கம்பிவடத்துக்குக் கவசம் தந்தவர்

மடிக்கணினியை இணைக்கும் சில கம்பிகளின் முனையருகே உருளை போன்ற ஒரு புடைப்பு இருக்கும். அது எதற்கு என்று யோசித்ததுண்டா? அதற்கான விடை, 16 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திய ஒருவரின் வாழ்க்கையில் இருக்கிறது.

ஆலிவர் ஹெவிசைட் 1850ல் லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் வந்த காய்ச்சல் அவரது கேட்கும் திறனைப் பாதித்தது. பள்ளியை விட்டபின் தாமே படித்துத் தந்தி ஊழியரானார். சென்னையிலிருந்து பினாங்கு வழியாக வந்த கடலடிக் கம்பிவடம் சிங்கப்பூரை உலகத்துடன் இணைத்ததும் அந்தக் காலத்தில்தான்.

24 வயதில் வேலையை விட்டு, பெற்றோர் வீட்டில் அமர்ந்து மேக்ஸ்வெல்லின் மின்காந்த நூலைக் கற்றார். மேக்ஸ்வெல்லின் ஏராளமான சமன்பாடுகளை நான்காகச் சுருக்கினார். பல்கலைக்கழகங்களில் இன்றும் கற்பிக்கப்படுவது அந்த நான்கைத்தான்.

பக்கத்துக் கம்பிகள் ஒன்றையொன்று குழப்பாதிருக்க, ஒரு கம்பியைச் சுற்றி மற்றொரு கடத்தியைக் கவசமாக அமைக்கலாம் என்று கூறி 1880ல் காப்புரிமை பெற்றார். தொலைக்காட்சிக்கு வரும் ‘கோஆக்சியல்’ கம்பிவடத்தின் தொடக்கம் அது.

மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் இயல்புக்கு மின்தூண்டல் என்று பெயர். தொலைபேசிக் கம்பியில் அதைக் கூட்டினால் குரல் சிதையாது என்று 1887ல் அவர் காட்டினார். அஞ்சல்துறையின் மூத்த மின்பொறியாளர் வில்லியம் பிரீஸ் அதை ஏற்கவில்லை. அவருடைய கட்டுரை வெளிவராமலும் தடுத்தார். பின்னர், 1900ல் அமெரிக்காவில் மைக்கேல் பியூபின் அதே வழியில் காப்புரிமை பெற்றுப் பெரும் பொருள் ஈட்டினார். காப்புரிமை பெறாத ஹெவிசைட்டோ, அரசின் சிறு உதவித்தொகையில் காலம் தள்ளினார்.

செங்காங் அடுக்குமாடி வீடொன்றில், உரிமம் பெற்ற வானொலி ஆர்வலர் சன்னலோரம் ஆண்டெனா பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். கம்பிவடத்தின் நடுக்கம்பியிலும் கவசத்தின் உட்புறத்திலும் சம அளவு மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் ஓடும். ஆனால், ஆண்டெனாவுடன் சேரும் இடத்தில் ஒரு பகுதி கவசத்தின் வெளிப்புறத்துக்கு நழுவிவிடும். அப்போது கம்பிவடமே ஆண்டெனாவாகி, வீட்டுச் சாதனங்களின் இரைச்சலை வானொலிக்குள் இழுத்துவரும்.

இதற்குத் தீர்வு, முழுக் கம்பிவடத்தையும் ‘ஃபெரைட்’ வளையத்துக்குள் நுழைத்துச் சில சுற்றுகள் சுற்றுவது. எதிரெதிராக ஓடும் உள் மின்னோட்டங்களின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால் அவற்றுக்குத் தடையில்லை. துணையின்றி வெளியே ஓடும் மின்னோட்டத்துக்கு மட்டும் மின்தூண்டல் குறுக்கே நிற்கிறது. மடிக்கணினிக் கம்பியின் புடைப்புக்குள் இருப்பதும் அத்தகைய ஃபெரைட்தான்.

ஹெவிசைட் 1891ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1922ல் முதல் ஃபாரடே பதக்கம் அவரைத் தேடி வந்தது. 1925ல் டார்கே நகரில் காலமானார். பிரீஸ் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே மின்தூண்டல், இன்று நம் மேசைக் கம்பியில் சத்தமின்றி வேலை செய்துகொண்டிருக்கிறது.