தோற்றாலும் சபையை விட்டகலாதவர்: காயிதெ மில்லத்



நஷ்டம் கண்டவனெல்லாம் கடையைப் பூட்டிவிடுவதில்லை. ஒரு சரக்கில் முதல் போனாலும் மறுநாள் காலையில் கதவைத் திறப்பவனே வியாபாரி. அந்த உறுதியை அரசியலில் காட்டிய ஒரு தோல் வியாபாரியின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஜனாப் முகம்மது இஸ்மாயில் சாகிப் 1896ஆம் ஆண்டு ஜூன் 5இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுக் கல்லூரிப் படிப்பைத் துறந்தார். பின்னர் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். முஸ்லிம் லீகில் உழைத்து, 1946இல் சென்னைச் சட்டசபையின் எதிர்க்கட்சித் தலைவரானார்.

1947இல் நாடு இரண்டாகப் பிரிந்தது. இரத்த ஆறு ஓடியது. இந்தியாவில் தங்கிய முஸ்லிம்கள் சந்தேகக் கண்களுக்கு நடுவே வாழ நேர்ந்தது. லீகைக் கலைத்துவிடுவதே நலம் என்றனர் பலர். சாகிப் அவர்களோ 1948 மார்ச் 10இல் சென்னையில் கூடிய கூட்டத்தில், புதிய நாட்டின் சட்டத்துக்குட்பட்டு லீக் தொடர வழி கண்டார்.

அரசியல் நிர்ணய சபையிலும் அவர் அமர்ந்தார். ஷரீஅத் தனியார் சட்டத்துக்குப் பாதுகாப்புக் கோரித் திருத்தம் கொண்டுவந்தார், தோற்றது. முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி கேட்டார், அதுவும் தோற்றது. ஆட்சிமொழி விவாதத்தில், தொன்மையே அளவுகோலானால் தமிழுக்கே முதலிடம் என வாதாடினார். சபை இந்தியை ஏற்றது. இத்தனைக்குப் பின்னும் அவர் சினந்து வெளியேறவில்லை. 1950இல் குடியரசு மலர்ந்தது. தாம் கேட்டதை மறுத்த அதே அரசியல் சட்டத்தின் கீழ் 1952இல் ராஜ்ய சபைக்குச் சென்றார்.

மலையாளம் பேசும் மஞ்சேரித் தொகுதி 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் இந்தத் தமிழரை மக்களவைக்கு அனுப்பியது. முஸ்லிம்கள் மிகுந்த பகுதியே எனினும், அது எல்லாச் சமூகத்தாரும் ஒரே பெட்டியில் வாக்களித்த பொதுத்தொகுதி. 1962இல் சீனப் போர் மூண்டபோது, தம் மகனையே போர்முனைக்கு அனுப்ப முன்வந்தார். 1967இல் சென்னை மாநிலத்தில் அறிஞர் அண்ணாவின் தி.மு.க.வுடன் லீக் கூட்டுச் சேர்ந்தது, தேர்தலில் தி.மு.க. வென்று ஆட்சி மாறியது. அவ்வாண்டே கேரள அமைச்சரவையிலும் லீக் இடம்பெற்றது. சந்தேகிக்கப்பட்ட கட்சி, இருபது ஆண்டுகளில் ஆட்சியில் பங்குபெறும் கட்சியாயிற்று.

1972 ஏப்ரல் 5இல் அன்னார் இறையடி சேர்ந்தார். சென்னை வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமானார்.

வென்றவர்களால் மட்டும் ஜனநாயகம் வளர்வதில்லை. தோற்றவர் முடிவுக்குக் கட்டுப்பட்டு, தம் கருத்தையும் விடாது, அடுத்த தேர்தல்வரை சபையில் அமர்ந்திருந்தால்தான் அது வேரூன்றும். பல இனத்தாருடன் ஒரே வாக்காளர் பட்டியலில் பெயர் பதித்து இந்நாட்டில் வாழும் நமக்கும் இது பொருந்தும். சுங்கை பூலோவில் நம் சங்கத் தேர்தல் முடிந்த மறுநாள், தோற்ற அணியினரின் நாற்காலிகள் காலியாகக் கிடக்கலாமா? சிந்திப்போமாக!