ஐன்ஸ்டீனின் இடக்கை

இயற்பியலுக்குப் புதுவழி வகுத்த ஆல்பர்ட் ஐன்ஸ்டீன், ஜெர்மனி நாட்டு உல்ம் நகரில் 1879ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள் பிறந்தார். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் பணிபுரிந்த காலத்திலேயே, 1905ஆம் ஆண்டில், சார்புக் கொள்கையை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 26.

இப்பேரறிஞர் இடக்கைப் பழக்கம் உடையவர் என்று கூறுவார் பலர். இடக்கையாளர்க்கு நுண்ணறிவு மிகுதி என நிலைநாட்ட விரும்புவோர், அவர் பெயரையே முதற்கண் எடுத்தோதுவர். இக்கூற்று மெய்தானா? அவர் கரும்பலகையின்முன் நின்று எழுதும் நிழற்படங்கள் உள்ளன. அவற்றில் சுண்ணக்கட்டி வலக்கையில் இருக்கின்றது. அக்காலத்து ஐரோப்பியப் பள்ளிகளில் இடக்கைப் பிள்ளைகளை வற்புறுத்தி வலக்கையால் எழுதச் செய்தனர். அவரும் அவ்வாறு மாற்றப்பட்டிருக்கலாம் என்பர் சிலர். பிள்ளைகளை அங்ஙனம் வருத்தியது கொடுமையே. ஆயினும் ஐன்ஸ்டீன் வருத்தப்பட்டார் என்பதற்குச் சான்று இல்லை.

எனினும், அவரது இடக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. அன்னையார் பௌலின் பியானோ வாசிப்பதில் வல்லவர். மகனுக்கு ஏறத்தாழ ஆறாம் வயதிலேயே வயலின் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்தார். சிறுவனுக்கோ முதலில் அப்பயிற்சி கசந்தது. பதின்மூன்று வயதளவில் மோசார்ட்டின் இசையில் உள்ளம் தோய்ந்தபின், பிறர் தூண்டாமலே பயின்றார். வயலினில் வில்லை இழுப்பது வலக்கை. தந்திகளின்மீது விரைந்தோடிச் சுரங்களை வகுப்பன இடக்கை விரல்கள். ஆராய்ச்சியில் தடை நேர்ந்தபோதெல்லாம் அவர் வயலினை எடுத்து வாசிப்பார்.

1955ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பிரின்ஸ்டன் நகரில் அவர் மறைந்தார். உடலை ஆய்ந்த மருத்துவர் தாமஸ் ஹார்வி, குடும்பத்தாரை முன்னரே கேளாமல் மூளையைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். இது தகாத செயலே. அம்மூளையின் எடை 1230 கிராம். பிறர் மூளையினும் பெரிதன்று. அன்று எடுத்த படங்களை டீன் பால்க் என்னும் அறிஞர் ஆராய்ந்து, 2009ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டார். உடலின் இடப்பக்கத்தை இயக்குவது மூளையின் வலப்பக்கம். அவ்வலப்பக்கத்தில், இடக்கையை இயக்கும் பகுதியில், குமிழ் போன்றதொரு புடைப்பு இருந்தது. இளமைமுதல் நரம்பிசைக் கருவி பயின்றோரிடம் இத்தகைய புடைப்பு முன்னரே காணப்பட்டதாதலின், இது வயலின் பயிற்சியோடு தொடர்புடையதாகலாம் என அவர் கருதினார். சார்புக் கொள்கைக்கும் அப்புடைப்புக்கும் தொடர்பு உண்டென யாரும் காட்டினாரல்லர்.

ஐன்ஸ்டீன் தம் வயலினைப் பேரர் பெர்ன்ஹார்டுக்கு விட்டுச் சென்றார்.